அரை மணி நேரத் தாழ்ப்பாள்

ஜனவரி 6

சுவாமிகளின் திருமுன்,

கேள்விகளை எழுத்தில்தான் அனுப்ப வேண்டும், ஒரு தாளுக்கு மேல் போகக் கூடாது, இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று தங்கள் ஆசிரமத்திலிருந்து வந்த சீட்டில் இருந்தது. தொடங்கிவிட்டேன். இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். தங்கள் சௌக்கியத்தைக் கேட்பது மரியாதைக் குறைவோ என்னவோ, கேட்டுவிட்டேன்.

எழுதுபவள் தங்கள் அக்கா. நான்கு வயதில் தாங்கள் சோப்புக் கட்டியைத் தின்றபோது தொண்டையில் விரலை விட்டு எடுத்தவள். அதை வைத்துச் சலுகை கேட்கவில்லை. வரிசைப்படியே பதில் வரட்டும்.

அம்மா விட்டுப்போன தவழும் கண்ணன் என்னிடம்தான் இருக்கிறான். பித்தளை. கட்டைவிரல் உயரம். வலது கையில் வெண்ணெய். இத்தனை வருடம் அலமாரியில் பழைய காகிதங்கள் பறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். இனி தினமும் அவனைக் குளிப்பாட்டி, துடைத்து, நூற்றெட்டு முறை பெயர் சொல்லிக் கும்பிடலாம் என்று இருக்கிறேன். எந்த நேரம், எவ்வளவு நேரம், எப்படி என்று தாங்கள்தான் வழிகாட்ட வேண்டும்.

வீட்டின் அமைப்பையும் சொல்லிவிடுகிறேன். முன்னறை, உள்ளறை, சமையலறை. சமையலறைக்குக் கதவு கிடையாது. குளியலறைக் கதவு ஈரத்தில் ஊதிப்போய் மூடாது. உள்ளறைக்கு மட்டும் உள்பக்கத் தாழ்ப்பாளோடு ஒரு கதவு உண்டு.

பகலில் குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் எட்டு மணி நேரம் தொலைபேசியில் ஊரார் குறை கேட்கிறேன். வீட்டுக்கு வந்தால் தங்கள் அத்தான் இருக்கிறார். ரயில் நிலையத்தில் முப்பத்து நான்கு வருடம் அறிவிப்பாளராக இருந்தவர் என்பது தாங்கள் அறிந்ததே. ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. நல்ல மனிதர். குரல் அப்படியே இருக்கிறது.

ஆகவே கேள்வி: தினம் மாலை அரை மணி நேரம் உள்ளறையில் தனியாக, தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வழிபடுவது முறைதானா? முறை என்றால் முத்திரையோடு எழுத்தில் தெரிவிக்கவும். வாய்வார்த்தை இந்த வீட்டில் செல்லாது.

பணிவுடன்,
தங்கள் அக்கா

(கீழே, வேறு கையெழுத்தில்)

சுவாமி மச்சானுக்கு வணக்கம். கடிதத்தைத் தபாலில் சேர்ப்பது என் பொறுப்பு என்பதால் படித்துப் பார்த்தேன். விவரங்கள் சரியாக உள்ளன. தனியாக எதற்கு என்பதுதான் விளங்கவில்லை. இரண்டு பேர் சொன்னால் நூற்றெட்டு இருநூற்றுப் பதினாறு ஆகுமே.

*

ஜனவரி 25

பதில் எண் 7
(இல்லறத்தார் – தினசரி வழிபாடு)

அன்புடைய ஐயா / அம்மா / குடும்பத்தினர்,
(பொருந்தாததை அடித்துவிடவும்)

தங்கள் கடிதம் குருவின் திருக்கண் பட்டது. தாங்கள் நலமாக இருப்பது குருவுக்குத் தெரியும். கண்ணனை வணங்க வேண்டும் என்று தோன்றியதே அவன் செயல். அதிகாலையோ மாலையோ, உடலும் உடையும் சுத்தமாக, மனம் ஒன்றி, குடும்பத்தோடு வழிபடவும். சந்தேகங்கள் தாமே தீரும்.

குருவின் ஆணைப்படி,
செயலாளர்

(முத்திரை விழுந்த இடத்தில், அதற்கு அடியில், பென்சிலில்)

அக்கா, தாழ்ப்பாள் போட்டுக்கொள். மாலை ஆறு முதல் ஆறரை வரை. தனியாகத்தான். நான் சொன்னதாகச் சொல்.

*

பிப்ரவரி 9

சுவாமிகளின் திருமுன்,

இங்கே இருவரும் சுகம். அவருக்குத் தொண்டைக் கட்டு ஒரு நாள் வந்தது. மறுநாளே போய்விட்டது.

பதில் எண் ஏழு கிடைத்தது. நல்ல வேலைப்பாடு. யாருக்கும் எதையும் மறுக்காமல், எதையும் தராமல் ஐந்து வரியில் முடிப்பது சுலபமில்லை. எங்கள் அலுவலகத்தில் "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது, உரிய நடவடிக்கை எடுக்கப்படும், பொறுமைக்கு நன்றி" என்று பதினான்கு வருடத்துக்கு முன் எழுதிக் கொடுத்தவள் நான். இன்றும் தண்ணீர் வராத வீடுகளுக்கெல்லாம் அதைத்தான் வாசிக்கிறோம். தொழில் தெரிந்தவள் என்ற முறையில் செயலாளருக்கு என் வணக்கம்.

பென்சிலில் இருந்ததைத்தான் தங்கள் அத்தான் மூன்று முறை வாசித்தார். முத்திரை அதன் மேல் விழுந்திருந்ததால் ஒப்புக்கொண்டார். அவர் குணம் தங்களுக்குத் தெரியும். ஒருமுறை வண்டி எதிரே மேடையில் வந்து நிற்கிறது. கையில் இருந்த சீட்டில் நாற்பது நிமிடம் தாமதம் என்று இருக்கிறது. நாற்பது நிமிடம் தாமதம் என்றுதான் அறிவித்தார். ஏறி உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் இறங்கிவிட்டார்கள்.

ஆகவே எனக்கு ஆறு மணிக்குக் கதவு கிடைத்தது. முதல் நாள் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, கண்ணனைத் தண்ணீர்க் குவளையில் இறக்கிவிட்டு, வெகு நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் பெயர் சொல்லத் தொடங்கினேன். நூற்றெட்டில் பன்னிரண்டுதான் ஆயிற்று. மணி ஆறரை ஆகப்போகிறது. வெளியே, "இன்னும் இரண்டு நிமிடங்களில் வழிபாடு நிறைவடையும்" என்று குரல் வந்தது. பக்கத்து வீட்டுக்காரி, "யாருக்குண்ணே சொல்றீங்க?" என்று கேட்டாள். "பொதுவா சொல்லி வைக்கிறேம்மா" என்றார்.

பரவாயில்லை. கதவுக்கு அந்தப் பக்கம்தானே.

ஒரு சந்தேகம், பதில் எண் ஏழில் தாமே தீராதது. தாழ்ப்பாளைப் போட்ட பிறகுதான் கண்ணன் நினைப்பு வருகிறது. எடுத்ததும் போய்விடுகிறது. அப்படியானால் எனக்கு ஆசை அவன் மேலா, தாழ்ப்பாள் மேலா? தாங்கள் தினமும் எப்படி வழிபடுகிறீர்கள் என்று சொன்னால் ஒத்துப் பார்த்துக்கொள்வேன்.

பல்லெல்லாம் திடமாக இருக்கிறதா? சிறு வயதில் கரும்பலகைச் சுண்ணக்கட்டியைக்கூடக் கடித்தவராயிற்றே.

தங்கள் அக்கா

*

பிப்ரவரி 28

அம்மா அவர்களுக்கு,

குரு நலம். பல்வலி காரணமாக மருத்துவரிடம் சென்றிருப்பதால் இம்முறை அலுவலகமே பதில் எழுதுகிறது.

குருவின் தினசரி வழிபாடு வெளியில் சொல்லத்தக்கது அல்ல. எனினும் அடியவர்கள் பலர் கேட்டதன் பேரில் "தினசரி கண்ணன் வழிபாடு: பதினோரு விதிகள்" என்ற கையேடு வெளிவந்துள்ளது. பத்தாயிரம் பிரதிகள். ஒன்று இணைத்துள்ளோம். குருவின் கையொப்பம் பின்னட்டையில் உள்ளது.

தாங்கள் கதவைப் பற்றி எழுதியிருந்ததால் ஒன்பதாம் விதியைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்:

"கண்ணன் எழுந்தருளியிருக்கும் அறைக்குக் கதவு ஆகாது. இருந்தால் கழற்றிவிட வேண்டும்."

இது வெறும் உபதேசம் அல்ல. எந்நேரமும் தரிசனம் வேண்டும் என்று அடியவர்கள் விரும்பியதால் குருவின் அறைக்கே ஆறு வருடமாகக் கதவு இல்லை. குரு ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

செயலாளர்

*

மார்ச் 7

சுவாமி மச்சானுக்கு,

அறிவிப்பாளர் (ஓய்வு) எழுதுவது. வீட்டில் அனைவரும், அதாவது இருவரும், நலம். தங்கள் பல்வலி குறைந்திருக்கும் என நம்புகிறேன்.

கையேடு வந்தது. முதல் அட்டையிலிருந்து பின்னட்டை வரை உரக்க வாசித்துவிட்டேன். உங்கள் கையெழுத்தையும் உறுதி செய்துகொண்டேன். பென்சில் எழுத்தைவிட அச்செழுத்து பிந்தியது, பெரியது. எனவே ஒன்பதாம் விதிப்படி உள்ளறைக் கதவு மூன்று நாள் முன்பு முற்பகல் பதினொரு மணிக்குக் கழற்றப்பட்டது. உங்கள் அக்கா அலுவலகம் போயிருந்தாள். வந்ததும் ஆச்சரியப்படட்டும் என்று முன்கூட்டியே அறிவிக்கவில்லை. முப்பத்து நான்கு வருடத்தில் முன்னறிவிப்பு இல்லாமல் நான் செய்த ஒரே காரியம் இதுதான்.

கதவை வீணாக்கவில்லை. நல்ல மரம். தச்சர், "இதை விறகுக்கா போடுவாங்க?" என்றார். கால் நான்கு வைத்து மேசையாக்கிவிட்டோம். உங்களுக்கு எழுதுவதற்கு அவள் இவ்வளவு நாளும் மடியில் தட்டை வைத்துக்கொண்டல்லவா எழுதினாள்? தாழ்ப்பாளை மட்டும் எடுக்க வரவில்லை. மேசையின் ஓரத்தில் இருக்கிறது. பேனா மாட்ட வசதி.

இப்போது கண்ணன் முன்னறையில், மேசை மேல். ஆறு மணிக்கு இருவரும் உட்காருகிறோம். நூற்றெட்டையும் நான் சொல்கிறேன். அவள் உதடு அசைகிறது. எதிர்வீட்டுக்காரர், "அண்ணே, நீங்க ஆரம்பிச்சாத்தான் எங்க வீட்டுல கடிகாரத்தைத் திருத்துறோம்" என்றார்.

அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கதவு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு பரவசம்.

உண்மையைச் சொல்வதானால், அந்த அரை மணி நேரமும் கதவுக்கு இந்தப் பக்கம் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. வண்டி எதுவும் வராத மேடையில் நிற்கிற மாதிரி இருந்தது. அதைத் தீர்த்து வைத்தீர்கள். நன்றி.

தங்கள் அத்தான்

*

மார்ச் 14

ஆசிரமச் செயலாளர் அவர்களுக்கு,

நலம் விசாரித்து நேரத்தை வீணாக்கவில்லை. அலுவலகத்திலிருந்து, உணவு இடைவேளையில் எழுதுகிறேன்.

புகார்தாரர்: குருவின் அக்கா.
புகாரின் தன்மை: ஒன்பதாம் விதி.
விவரம்: மேற்படி விதியால் என் வீட்டில் தாழிட்டுக்கொள்ள இருந்த ஒரே அறைக்கதவு மேசையாகிவிட்டது. அதன் மேல் வைத்துத்தான் காய்கறி நறுக்குகிறோம். தினம் அரை மணி நேரம் இருந்த வழிபாடு இப்போது தினம் அரை மணி நேரம் கேட்கப்படுகிறது.
கோரிக்கை: மேற்படி விதி எனக்குப் பொருந்தாது என்று ஒரே ஒரு வரி, ஆசிரமத் தாளில், அச்சில், முத்திரையோடு. கையால் எழுதியது செல்லாது.

இதைக் குருவின் பார்வைக்கு வைக்கவும். திருக்கண் பட்டால் போதாது. அவன் படிக்க வேண்டும்.

குருவின் அக்கா

*

மார்ச் 30

அம்மா அவர்களுக்கு,

உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது. உரிய நடவடிக்கை எடுக்கப்படும். பொறுமைக்கு நன்றி.

செயலாளர்

(பி.கு. இந்த வாசகத்தைத் தங்கள் பிப்ரவரி 9 கடிதத்திலிருந்து எடுத்துக்கொண்டோம். மிகவும் பயனுள்ளதாக இருக்கிறது. இனி இதுவே பதில் எண் 12.)

*

ஏப்ரல் 11

அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய், அத்தான் எப்படி இருக்கிறார் என்று கேட்க எனக்கு முகம் இல்லை. இருந்தாலும் எழுது.

இந்தக் கடிதத்தை உன் அலுவலக விலாசத்துக்கு அனுப்புகிறேன். பல் மருத்துவரின் நாற்காலியில் சாய்ந்துகொண்டு எழுதுவதால் கையெழுத்து இப்படி இருக்கிறது. இவர் என்னோடு படித்தவர். கேள்வி கேட்கிற பழக்கம் இல்லை. அவர் வாயைத் திறக்கச் சொல்லும் ஆட்கள் யாரும் பதில் சொல்ல முடியாத நிலையில் இருப்பதால் வந்த பழக்கமாக இருக்கலாம். இந்த அறைக்குக் கதவு இருக்கிறது. செயலாளர் வெளியே உட்கார்ந்திருக்கிறார். எனக்கு இருபது நிமிடம். இனி நீ எழுதுவதாக இருந்தால் மருத்துவரின் விலாசத்துக்கு எழுது, பின்னால் தந்திருக்கிறேன்.

உன் புகாரை நான் படிக்கவில்லை. கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் செயலாளர் அதை வாசித்தார். கதவின் மேல் ஒரு ஆத்மாவுக்கு எவ்வளவு பற்று பாருங்கள் என்றார். நானூறு பேர் சிரித்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அதையும் நானூறு பேர் பார்த்தார்கள்.

நான் எப்படி வழிபடுகிறேன் என்று கேட்டிருந்தாய். அக்கா, பதினொரு வருடமாக நான் ஒரு நாளும் கும்பிடவில்லை. கும்பிடுகிற மாதிரி உட்காருகிறேன். உனக்குத்தான் தெரியுமே, நான் மைக்செட் வைக்கப் போனவன். பேச்சாளர் வரவில்லை. மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க, அம்மா சொன்ன வெண்ணெய்த் திருட்டுக் கதையைப் பத்து நிமிடம் சொன்னேன். அடுத்த வாரமும் சொல்லச் சொன்னார்கள். அதற்கடுத்த வாரம் நாற்காலியை மாற்றினார்கள். மைக்கைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியவன், இன்னும் சோதித்துக்கொண்டே இருக்கிறேன்.

ஒன்பதாம் விதியை நான் எழுதவில்லை. எதையுமே நான் எழுதவில்லை. ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்துக் கேட்டார்கள், போட்டேன். என் கதவைக் கழற்றிய அன்று ஏன் என்று கேட்டிருந்தால் உன் கதவு இன்று சுவரில் இருந்திருக்கும்.

செயலாளரிடம் பேசுகிறேன். நிச்சயமாகப் பேசுகிறேன்.

மருத்துவர் ஊசியோடு வருகிறார்.

தம்பி

*

ஏப்ரல் 22

டேய்,

சுகமா என்று பிறகு கேட்கிறேன். முதலில் இதற்குப் பதில் சொல். உனக்கு எப்போதிலிருந்து பல்வலி? அம்மாவின் சாவிக்கொத்தையே கடித்து வளைத்தவன் நீ. மருத்துவருக்குத் தனியாக ஒரு சீட்டு எழுதிக் கேட்டேன். கேள்வி கேட்காதவர்தான், ஆனால் கேட்டால் பதில் சொல்லுகிறவர். "ரெண்டு பல் எடுத்திருக்கேன். ரெண்டும் நல்ல பல்லு. அவர்தான் எடுக்கச் சொன்னார். சும்மா வந்தா செயலாளர் உள்ள வந்துருவாராம்" என்று எழுதியிருக்கிறார்.

ஒரு கடிதத்துக்கு ஒரு பல்லா? அம்மா இருந்தால் மூன்றாவதை அவளே தட்டி எடுத்திருப்பாள்.

உன்மேல் கோபமாக எழுத வேண்டும் என்று பேனாவை எடுத்தேன். பாதியில் போய்விட்டது. நானூறு பேர் நடுவில் கதவில்லாமல் நீ. ஒரே ஒருத்தர் நடுவில் கதவில்லாமல் நான். எண்ணிக்கைதான் வித்தியாசம். என்னுடையவர் அன்பாக வேறு இருக்கிறார், அதனால் சண்டை போடவும் வழியில்லை. நேற்று என் முகம் வாடியிருக்கிறது என்று சொல்லி, வழிபாட்டை ஒரு மணி நேரமாக்கிவிட்டார்.

நான் அவரிடமே சொல்லலாமே என்று நீ நினைப்பாய். சொல்லிப் பார்த்தேன். "எனக்குக் கொஞ்ச நேரம் தனியா இருக்கணும்ங்க" என்றேன். "சரி, இருக்கலாமே" என்று உடனே எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். "என்ன பண்ணுது? தலைவலியா?" அந்த முகத்தைப் பார்த்து, நீங்கள்தான் என்று எப்படிச் சொல்வது? நீ சொல்லிவிடுவாயா?

எனக்கு வேறு எதுவும் வேண்டாம். அச்சில் ஒரே ஒரு வரி. வாங்கிக் கொடு. கையில் சீட்டு இருந்தால் அவரே தச்சரைக் கூப்பிட்டு மேசையைக் கதவாக்கிவிடுவார்.

இனி ஒரு பல்லையும் எடுக்காதே. வாயைக் கொப்பளி. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

ஜூன் 5

அக்காவுக்கு,

இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், எழுத எதுவும் நடக்கவில்லை என்பதுதான். உன் கடிதத்தை மருத்துவர் மருந்துப் பொட்டலத்துக்குள் வைத்து அனுப்பினார். உன் பேச்சைக் கேட்டு ஒரு மாதத்துக்கு மேல் பல்லைக் காப்பாற்றினேன். இன்று மூன்றாவது. கோபித்துக்கொள்ளாதே, கடைவாய்ப் பல்தான், வெளியே தெரியாது.

செயலாளரிடம் பேசினேன். சத்தியமாகப் பேசினேன். அவர் என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். பிறகு, "பத்தாயிரம் பிரதி போயிருக்கு சாமி. ஒரு வீட்டுக்கு விலக்குக் குடுத்தா மத்தவங்க கழட்டின கதவை எங்க போய்த் தேடுவாங்க?" என்றார். எத்தனை கதவு போயிற்றோ தெரியவில்லை.

அப்படியானால் எனக்காவது ஒரு கதவு வேண்டும் என்றேன். எனக்கே என் தைரியம் ஆச்சரியமாக இருந்தது. குழு அமைத்தார்கள். மூன்று வாரம் கூடிப் பேசினார்கள். திரை ஒன்று போடலாம் என்று முடிவாயிற்று. போட்டார்கள். சல்லாத் துணி. முன்பு என்னைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் இப்போது என்னைப் பார்ப்பதற்காக நின்றுகொண்டிருக்கிறார்கள். திரைக்குப் பின்னால் இன்னும் தெய்வீகமாகத் தெரிகிறேனாம்.

ஆக, உனக்கு அந்த ஒரு வரியை என்னால் வாங்கித் தர முடியவில்லை. தாழ்ப்பாள் மேலா கண்ணன் மேலா ஆசை என்று கேட்டிருந்தாய் அல்லவா, அதற்கும் எனக்கு விடை தெரியாது. எனக்குத் தாழ்ப்பாள் மேல்தான். நீயாவது பன்னிரண்டு முறை பெயர் சொன்னாய்.

இதுவரை பத்தாயிரம் பேர் என்னிடம் வழி கேட்டிருக்கிறார்கள். நான் இப்போது உன்னிடம் கேட்கிறேன். தினமும் என்ன செய்வது, அக்கா? எப்படி உட்காருவது?

இன்னும் இருபத்தொன்பது பல் இருக்கிறது.

தம்பி

*

ஜூன் 24

தம்பிக்கு,

நான் சுகம். உன் அத்தானும் சுகம். பல்லை எண்ணுவதை நிறுத்து. இதற்குப் பதில் எழுத வேண்டாம், எழுதினால் இருபத்தெட்டாகிவிடும். நீ சுகமாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன்.

கேட்டிருக்கிறாய், சொல்கிறேன்.

எங்கள் பிரிவில் எல்லாருக்கும் தலையில் மாட்டுகிற ஒலிகருவி உண்டு. காதில் இரண்டு பஞ்சுத் திண்டு, வாய்க்கு முன்னால் ஒரு குச்சி. நீ மைக் வைத்தவன், உனக்கு விளக்க வேண்டாம். போன மாதம் என்னுடையதில் கம்பி அறுந்துவிட்டது. ஒரு சத்தமும் இல்லை. பழுது என்று எழுதிக் கொடுக்கக் கையைத் தூக்கினேன். அப்போதுதான் பக்கத்து மேசைக்காரி என்னிடம் எதையோ கேட்க வந்து, தலையில் இருந்ததைப் பார்த்து, "அழைப்புல இருக்கியா? சரி சரி" என்று சைகை காட்டிவிட்டுத் திரும்பிப் போனாள்.

கையை இறக்கிக்கொண்டேன்.

அன்றிலிருந்து மற்ற நேரத்துக்கு உபரியாகக் கிடந்த ஒன்றை வைத்துக்கொண்டு, உணவு இடைவேளை முடிந்த பிறகு, கூட்டம் குறைந்த நேரத்தில், அறுந்ததை மாட்டிக்கொள்கிறேன். ஐந்து வருடம் கதவைச் சாத்தி வைத்தாலும் இப்படி ஒரு தனிமை கிடைக்காது. ஊர் குறை கேட்டுக்கொண்டிருப்பவளை யாரும் தொடமாட்டார்கள். முதல் நாள் பெயர் சொல்லிப் பார்த்தேன். உதடு வேகமாக அசைந்தால் மேற்பார்வையாளர் பார்க்கிறார். நாங்கள் அவ்வளவு பேசக் கூடாது, கேட்கத்தான் வேண்டும். அதனால் பெயரை விட்டுவிட்டேன். வழக்கமாகச் சொல்வதையே சொன்னேன். "சொல்லுங்க, கேக்கறேன்."

அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. நான் வேலைக்கு வந்த நாளிலிருந்து என்னிடம் எந்தக் குறையும் சொல்லாமல் இணைப்பில் இருந்தவன் அவன் ஒருத்தன்தான்.

பித்தளைக் கண்ணன் வீட்டில், கதவின் மேல்தான் இருக்கிறான். மாலையில் அவனுக்கு நூற்றெட்டு முழுசாகக் கிடைக்கிறது, நல்ல குரலில். அது உன் அத்தானுடைய வண்டி. வரட்டும், போகட்டும்.

இதிலும் ஒரு விதி வந்துவிட்டது. எந்த அழைப்பும் ஏழு நிமிடத்துக்கு மேல் நீளக் கூடாதாம். மேற்பார்வையாளர் வந்து, "என்னம்மா, அரை மணி நேரமா ஒரே ஆள்கூடப் பேசறீங்க? யார் அது?" என்றார். "தினமும் கூப்பிடுறவர் சார்" என்றேன். "பதிவு போடுங்க. ஏழு நிமிஷத்துல முடிங்க." ஆகவே என் அரை மணி நேரம் இப்போது நான்கு அழைப்பு. ஏழு நிமிடம் ஆனதும் பதிவேட்டில் எழுதி முடித்து, கழற்றி, மறுபடி மாட்டிக்கொள்ள வேண்டும். மனம் ஒன்றுகிற நேரம் பார்த்து ஏழாவது நிமிடம் வருகிறது.

இன்னொன்றும் உண்டு. என் முகம் தெளிந்திருக்கிறது என்று உன் அத்தான் காரணம் தேடினார். இப்போது தினமும் மதியம் எனக்குச் சாப்பாடு கொண்டுவருகிறார். கொடுத்த பிறகும் போவதில்லை. எங்கள் கூடத்துக்கு முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதற்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் பார்த்தால் கையை ஆட்டுகிறார். குரல் மட்டும் உள்ளே வராது. வழியில் போகிறவர்களிடம் வாய் அசைவதிலிருந்து தெரிகிறது: "அதோ, அவங்கதான். முக்கியமான அழைப்புல இருக்காங்க."

எனவே உனக்கும் வழி இதுதான். உன் பழைய மைக்செட் பெட்டியில் காதில் மாட்டுகிறது ஒன்று கிடக்கும். எடுத்து மாட்டிக்கொள். உன் சொற்பொழிவு ஒலிப்பதிவுகளை நீயே கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்று செயலாளரிடம் சொல். கம்பியின் மறுமுனையை எதிலும் சொருகாதே. நானூறு பேர் பார்க்கட்டும். கண்ணை மூடாதே, மூடினால் கூட்டம் சேரும். நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். பதினொரு வருடம் சொல்லியாயிற்று.

அவன் மேலா, தாழ்ப்பாள் மேலா என்ற கேள்வியை நான் இன்னும் முடித்து வைக்கவில்லை. ஆனால் நேற்று மேற்பார்வையாளர் விடுப்பு. ஏழு நிமிடம் யாரும் எண்ணவில்லை. அரை மணி நேரம் முடிந்தது, பக்கத்து மேசைகளில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உன் அத்தான் கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். எழுந்து வெளியே போகலாம். தாழ்ப்பாள் எதுவும் இல்லை. எனக்குத்தான் இணைப்பைத் துண்டிக்க மனம் வரவில்லை.

நேற்றைய பதிவேட்டில் நான் எழுதியதை அப்படியே கீழே தருகிறேன். மேற்பார்வையாளர் இன்று வந்து படித்துவிட்டு, வழக்கம் போலக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

புகார்தாரர்: பெயர் சொல்லவில்லை.
விலாசம்: தெரியவில்லை.
புகார்: இதுவரை எதுவும் இல்லை.
நிலை: கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் அக்கா